நாலு பேரை ஐந்து பேரால் தடுக்க முடியாதா?

கேள்வி: என் கணவர் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வெறியர். அணி தோற்றால் போதும், "லைனுக்கு பிளாக் பண்ணவே தெரியலை" என்று டிவியைத் திட்டுவார். பந்து வீசுகிற குவார்ட்டர்பேக்கை வீழ்த்தப் பாய்ந்து வருவது எதிரணியில் பெரும்பாலும் நாலு பேர், தடுக்க லைனில் நிற்பது ஐந்து பேர். ஆளுக்கு 140 கிலோ இருப்பார்கள். அப்புறம் என்ன கஷ்டம்?
– வாசகி, ஓவர்லேண்ட் பார்க், கான்சாஸ்

பதில்: டிவியைத் திட்டுவது அவர் உரிமை, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் எடை இங்கே பாதி விஷயம்தான். பாய்கிறவன் முன்னால் ஓடுகிறான், எந்தப் பக்கம் திரும்பப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும். தடுப்பவர் பின்னால் நகர்ந்தபடியே அதை ஊகிக்க வேண்டும். கபடி மாதிரி கட்டிப் பிடிக்கவும் முடியாது. பிடித்தால் 10 கெஜம் அபராதம்.

இடது டேக்கிளின், அதாவது லைனின் இடது ஓரத்தில் நிற்பவரின், காலைக் கவனியுங்கள். இடது கால் பின்னால் இருக்கும். பந்து கிளம்பியதும் அந்தக் காலை வைத்துச் சறுக்கிச் சறுக்கிப் பின்வாங்குவார். அவரையே வலது பக்கம் நிறுத்தினால் கால், கை, இடுப்பு எல்லாம் இடம் வலமாக மாற வேண்டும். வருஷக்கணக்கில் ஊறிய பழக்கம் இரண்டு வாரத்தில் மாறுமா?

2021 பிப்ரவரியில் டாம்பாவில் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் சீஃப்ஸுக்கு இதுதான் நடந்தது. வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் ஏற்கெனவே வெளியே. இடது டேக்கிள் எரிக் ஃபிஷருக்கு இரண்டு வாரம் முன்னால் குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. ஷ்வார்ட்ஸ் இடத்தில் ஆடிக்கொண்டிருந்த மைக் ரெம்மர்ஸை இடது பக்கம் தள்ளினார்கள். டேக்கிளுக்கு உள்பக்கம் நிற்கும் கார்டு ஆண்ட்ரூ வைலியை வலது டேக்கிள் ஆக்கினார்கள். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொன்றைத் திறந்த கதை. குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 29 தடவை நெருக்கடியில் சிக்கினார். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் தரைக்கு இணையாக விழுந்துகொண்டே ஒரு பந்து வீசினார் பாருங்கள், அது சக வீரர் டாரெல் வில்லியம்ஸின் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. அப்படி ஒரு வீச்சும் வீணானதில் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சீஃப்ஸ் எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் பந்தைக் கொண்டுபோய் ஒரு டச்டவுன்கூடப் போடாமல் 31-9 என்று தோற்றது.

எதிரணி டாம்பா பே நாலு பேருக்கு மேல் பாய அனுப்பியதே அபூர்வம். நாலு பேரே உடைத்துக்கொண்டு வந்ததால் மீதி ஏழு பேர் பின்னால் நின்று பந்து வாங்க ஓடுகிறவர்களை மூடிவிட்டார்கள். வீச ஆள் கிடைக்காமல் மஹோம்ஸ் தேடிக்கொண்டே இருக்க, லைன் இன்னும் ஒரு நொடி தாங்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு நொடிதான் கழுத்தறுப்பு. பழி மட்டும் முழுசாக லைனுக்கு.

ஸ்டேடியச் சத்தம், இரண்டு பாய்ச்சல்காரர்கள் குறுக்கே மாறி வருவது என்று வேறு காரணங்களும் உண்டு. எனக்குப் பெரிதாகப் படுவது ஆள் மாற்றம்தான்.

அடி வாங்கிய அணி அதே வருஷம் லைனையே புதுசாகக் கட்டியது. 2023 பிப்ரவரி சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸால் மஹோம்ஸை ஒரு தடவைகூட வீழ்த்த முடியவில்லை. அப்படியும் 2024 சீசனில் இடது டேக்கிள் யாரும் நிலைக்காமல், நல்ல கார்டான ஜோ தூனியை அங்கே நகர்த்தினார்கள். 2025 பிப்ரவரியில் அதே ஈகிள்ஸ், கூடுதல் ஆள் ஒருவரையும் அனுப்பாமல், மஹோம்ஸை 6 முறை சாய்த்து 40-22 என்று வென்றது.

அந்த ஏப்ரலில், கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், சீஃப்ஸ் முதல் சுற்றில் எடுத்தது ஜோஷ் சிம்மன்ஸை. அவர் இடது டேக்கிள். உங்கள் கணவர் திட்டுவதானால், அந்த இடத்துக்கு ஆள் தேட இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட நிர்வாகத்தைத் திட்டட்டும். தூனியைத் திட்டாமல் விட்டுவிடச் சொல்லுங்கள்.