லீவரைத் தள்ளியும் சூடு வரவில்லையா? பழைய கார் ஹீட்டர் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என்னிடம் 1998-ஆம் ஆண்டு மாருதி 800 இருக்கிறது. ஈரோட்டில் உறவினர் ஓட்டிய காரைச் சென்ற ஆண்டு வாங்கி இங்கே கொண்டுவந்தேன். ஹீட்டர் லீவரைச் சிவப்புக் கோட்டின் கடைசி வரை தள்ளினாலும் குளிர்ந்த காற்றுதான் வருகிறது. டேஷ்போர்டு முழுவதையும் கழற்றி ஹீட்டரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். வேறு வழி உண்டா? – கோத்தகிரி வாசகர்

பதில்: டேஷ்போர்டைக் கழற்ற இப்போதே சம்மதிக்காதீர்கள். அது எல்லாச் சோதனைகளும் முடிந்த பிறகு, வேறு வழியே இல்லையென்றால் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

உங்கள் காரின் ஹீட்டருக்குத் தனியாக வெப்பம் உண்டாக்கும் கருவி எதுவும் கிடையாது. என்ஜினைச் சுற்றிவந்து சூடேறிய கூலன்ட்டின் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஒரு பங்கு, இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கும் கையகல ரேடியேட்டர் ஒன்றுக்குப் போய்த் திரும்புகிறது; ப்ளோயர் அதன் ஊடாகக் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அந்த ஓட்டத்தைத் திறக்கவும் மூடவும் 'ஹீட்டர் காக்' என்ற சிறு அடைப்பான் உண்டு. நீங்கள் தள்ளும் லீவர் ஒரு கேபிளை இழுத்து அதைத் திருப்புகிறது.

முதலில் கேபிளைப் பாருங்கள். ஒருவர் இருக்கையில் அமர்ந்து லீவரை இப்படியும் அப்படியும் நகர்த்தட்டும். நீங்கள் ஹீட்டர் காக்கின் கையைக் கவனியுங்கள். அது சில கார்களில் என்ஜின் அறையிலும், சிலவற்றில் டேஷ்போர்டின் அடியிலும் இருக்கும். கேபிளின் மேலுறையைப் பிடித்திருக்கும் சிறு இரும்பு கிளிப் கழன்று விழுந்திருந்தால், லீவரை நகர்த்தும்போது உறையும் சேர்ந்தே நகருமே தவிர, காக்கின் கை அசையாது. ஒரு கிளிப்பை மாட்டினால் தீரக்கூடிய இந்தக் குறைக்காகப் பல கார்களின் டேஷ்போர்டுகள் வீணாகக் கழற்றப்பட்டிருக்கின்றன. காக்கே இறுகிப்போயிருந்தால் கேபிளை முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம்; கேபிளைக் கழற்றிவிட்டு, காக்கைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லையென்றாலும், திருப்பும்போது கசிந்தாலும் புதிய காக் போட்டுவிடுவதே நல்லது.

அடுத்து ஹோஸ்கள். ஈரோட்டிலிருந்து வந்த கார் என்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். சமவெளியில் ஹீட்டர் காக் கசியத் தொடங்கினால், புதியது வாங்குவதற்குப் பதிலாக இரண்டு ஹோஸ்களையும் ஒன்றாக இணைத்து 'பைபாஸ்' செய்துவிடும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் கூலன்ட் உங்கள் ஹீட்டருக்குள் நுழையவே நுழையாது. பானெட்டைத் திறந்து, என்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள தகட்டுத் தடுப்பில் இரண்டு ஹோஸ்களும் உள்ளே போகின்றனவா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

போகின்றன என்றால், காரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, என்ஜினை நிறுத்தியபின் இரண்டையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் கூலன்ட் ஓட்டத்தில் குறையில்லை; காற்றைத் திசைதிருப்பும் மடலோ அதன் கேபிளோதான் காரணம். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் காக் மூடியிருக்கிறது அல்லது ஹீட்டர் அடைத்திருக்கிறது. போர் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் ஊற்றி ஓட்டிய காரில் உப்புப் படிந்து அடைப்பது சாதாரணம். என்ஜின் நன்றாக ஆறிய பிறகு இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, தோட்டக் குழாயால் மிகக் குறைந்த அழுத்தத்தில், வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் தண்ணீர் விட்டால், பெரும்பாலும் பழுப்பு நிற வண்டல் வெளியேறி வழி திறந்துகொள்ளும்.

இரண்டுமே வெதுவெதுப்பாகத்தான் இருக்கின்றன என்றால் என்ஜினின் வெப்பத்தைச் சீராக வைக்கும் அடைப்பானான தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். வெயில் காலத்தில் என்ஜின் சூடாகாமல் இருக்கும் என்று நம்பி அதைக் கழற்றிவிடுபவர்கள் நம் ஊரில் ஏராளம். இது என்ஜினுக்கே கேடு செய்யும் வழக்கம். உரிய வெப்பத்தை எட்டாத என்ஜினில் தேய்மானமும் கூடும், பெட்ரோல் செலவும் கூடும். நல்ல தெர்மோஸ்டாட், அதன்மேல் பொறித்திருக்கும் அளவை, அதாவது பொதுவாக 82 அல்லது 88 டிகிரி செல்சியஸை எட்டும்வரை முன்பக்கப் பெரிய ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடியே வைத்திருக்கும். உங்கள் காரில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது வெப்பமானியின் முள் தரைதட்டி, ஏறும்போது மட்டும் உயர்கிறது என்றால், தெர்மோஸ்டாட் இல்லை அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு அடுப்பில் வைத்தால், அது திறக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எதைச் செய்தாலும் முடிவில் கூலன்ட்டைக் காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்ப வேண்டும். பல கார்களில் கூலன்ட் பாதையின் உயரமான இடங்களில் ஹீட்டரும் ஒன்று என்பதால், குமிழ் அங்கேதான் போய்த் தங்கும். டேஷ்போர்டுக்குள்ளிருந்து 'களக் களக்' என்று ஓசை கேட்பது அதன் அடையாளம். காரின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்துங்கள். கோத்தகிரியில் அதற்கு இடம் தேட வேண்டியதில்லை. ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் விட்டு, என்ஜினை மெதுவாக ஓடவிட்டுக் குமிழிகள் நிற்கும்வரை ஊற்றுங்கள். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் புதிய மூடி வாங்கிவிடுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைவதால், அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி மலையில் இன்னும் அவசியமாகிறது. சூடான என்ஜினில் மட்டும் அந்த மூடியைத் தொடவே கூடாது.

கேள்வி: நான் மலைக்கே போவதில்லை, எனக்கு ஹீட்டர் தேவையில்லை. ஆனால் என் பழைய காரில் ஏசி சரியாகக் குளிரவில்லை. கேஸ் இரண்டு முறை நிரப்பியாயிற்று. – திருநெல்வேலி வாசகர்

பதில்: உங்களுக்கும் மேலே சொன்ன கேபிளைத்தான் பார்க்கச் சொல்வேன். ப்ளோயர் ஊதும் காற்று ஏசியின் குளிர்ச் சுருளைக் கடந்த பிறகு, ஹீட்டர் இருக்கும் பெட்டியின் வழியாகத்தான் வெளியே வருகிறது. ஹீட்டர் காக் முழுவதும் மூடாமல் சிறிது திறந்திருந்தாலும், குளிர்ந்த காற்றை அந்த ஹீட்டர் மறுபடியும் சூடாக்கிவிடும். ஏசியை அணைத்துவிட்டு, லீவரை நீலக் கோட்டின் கடைசியில் வைத்து, ப்ளோயரை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். வரும் காற்று வெளிக்காற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் ஹீட்டர் காக் முழுவதும் மூடவில்லை என்று பொருள். லீவர் 'குளிர்' முனையில் இருக்கும்போது காக்கின் கை கடைசிவரை மூடி நிற்குமாறு கேபிளைச் சரிப்படுத்தி, கிளிப்பை மறுபடி மாட்டுங்கள். மேலும், கசிவு எங்கே என்று பார்க்காமல் மீண்டும் மீண்டும் கேஸ் நிரப்புபவரிடம் போகாதீர்கள்; ஏசியின் கேஸ் பெட்ரோலைப் போலத் தீர்ந்துபோகும் பொருளன்று.

கேள்வி: மழைக்காலத்தில் ஆழியாறிலிருந்து ஏறும்போது முன்கண்ணாடி உள்பக்கம் மூடுபனி போல மங்கிவிடுகிறது. துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டுகிறேன். – வால்பாறை வாசகர்

பதில்: 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து, ஆகவே இதை உடனே சரிசெய்யுங்கள். பெரும்பாலும் காரணம், வெளிக்காற்று வரும் வழியை லீவர் மூடியிருப்பதுதான். அனைவரின் மூச்சிலும் நனைந்த ஆடைகளிலும் உள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. வெளிக்காற்று வழியைத் திறந்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, ஹீட்டரைப் போடுங்கள். ஏசி இருந்தால் அதையும் சேர்த்தே போடுங்கள். குளிர்ச் சுருள் காற்றிலுள்ள ஈரத்தை வடித்துவிடும், ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கும். அப்படியும் காற்று குறைவாக வந்தால், வைப்பருக்குக் கீழே உள்ள வெளிக்காற்றுத் துளைகளில் இலைச் சருகு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

கண்ணாடியில் படிவது பிசுபிசுப்பாக இருந்து, உள்ளே இனிப்பான வாடையும் வந்தால் அது மழை ஈரமன்று. ஹீட்டர் ஓட்டையாகிக் கூலன்ட் ஆவியாகிறது. கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள்: நிறமும் வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட், வெறும் தண்ணீர் என்றால், ஏசியின் வடிகால் குழாய் சேற்றால் அடைத்திருக்கலாம். கூலன்ட்டிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நச்சுப்பொருள். குழந்தைகளும் நாயும் ஏறும் காரில் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ப்ளோயர் நான்காவது வேகத்தில் மட்டுமே ஓடுகிறது. – சேலம் வாசகர்

பதில்: ரெசிஸ்டர் எரிந்துவிட்டது. குறைந்த வேகங்களுக்கான மின்சாரம் மட்டுமே அதன் வழியாகப் போகிறது என்பதால் முழு வேகம் தப்பித்துக்கொண்டது. புதியது மாட்டும் முன் ப்ளோயர் மோட்டாரைக் கையால் சுற்றிப் பாருங்கள்; இறுக்கமாகச் சுற்றினால் அது அதிக மின்சாரத்தை இழுத்து, புதிய ரெசிஸ்டரையும் எரித்துவிடும்.

கேள்வி: சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்து, இரவில் காரிலேயே தூங்குகிறேன். குளிருக்கு என்ஜினை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொள்ளலாமா? – கொடைக்கானலிலிருந்து ஓர் ஓட்டுநர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். பழைய காரின் புகைக்குழாயில் சிறு ஓட்டையோ, பின்கதவு ரப்பரில் இடைவெளியோ இருந்தால்கூட, நிற்கும் காருக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவருக்கு விழித்துக்கொள்ளவே வாய்ப்புக் கிடைக்காது. கம்பளியும் காதுமறைப்பும் வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் விடுதியில் ஓட்டுநருக்கு ஓர் அறை தரும்படி பயணிகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். பகலில் ஓட்டும்போதும் தலைவலியோ குமட்டலோ வந்தால் கண்ணாடிகளை இறக்கி, காரை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பிறகு பட்டறையில், திறந்த வெளியில் என்ஜின் ஆறியிருக்கும்போதே அதை இயக்கி, பின்குழாயின் வாயைத் தடித்த துணியால் ஒரு நொடி அடைக்கச் சொல்லிக் காரின் அடியில் காது கொடுங்கள். 'புஸ்' என்ற ஓசை எந்த இடத்தில் கேட்கிறதோ அங்கேதான் ஓட்டை.