ஃபிரேம் வாங்கும் முன் பழைய சைக்கிளைச் சுவரோரம் நிறுத்துங்கள்

சைக்கிள் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 38, உயரம் 172 செ.மீ. ஐந்து ஆண்டுகளாக அலுமினிய ரோடு பைக் ஓட்டுகிறேன். ஷிமானோ 105, கேபிளில் இயங்கும் 11 கியர், டிஸ்க் பிரேக். மாதம் ஒருமுறை காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறுகிறேன். 75 நிமிடம் ஆகிறது. 100 கிலோமீட்டர் தாண்டினால் கழுத்து வலிக்கிறது. 2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில் கலந்துகொள்ள ஆசை. பழைய உதிரிகளை வைத்துக்கொண்டு கார்பன் ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும் வாங்கிக் கோக்க நினைக்கிறேன். மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 780 கிராம் பந்தய ஃபிரேம். இரண்டாவது 1,050 கிராம், நெடுந்தூரத்துக்கானது. மூன்றாவது இணையத்தில் நிறுவனப் பெயர் இல்லாமல் விற்பது. ‘டி1000 கார்பன்’ என்று போட்டிருக்கிறது, விலை பாதிதான். நம் சாலைகளில் கார்பன் உடைந்துவிடும் என்று நண்பர்கள் வேறு பயமுறுத்துகிறார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: நண்பர்களின் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம். கிரெக் லெமண்ட் 1986-இலேயே கார்பன் ஃபிரேமில் டூர் டி பிரான்ஸ் வென்றுவிட்டார். 1995-இல் பிராங்கோ பாலெரினி, கோல்னாகோ சி40 என்ற கார்பன் ஃபிரேமில் பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார். அந்தப் பந்தயம் பெருங்கற்கள் பாவிய பழைய பண்ணைப் பாதைகளில் நடப்பது. நம் வேகத்தடைகளும் பள்ளங்களும் அதைவிடக் கொடியவை அல்ல. கார்பனைக் கெடுப்பது பெரும்பாலும் கீழே விழுவதும், தவறாகத் திருகி இறுக்குவதும்தான்.

நீங்கள் எடையில் தொடங்கியிருக்கிறீர்கள். நான் உங்கள் கழுத்தில் தொடங்குகிறேன். ஹேண்டில்பாரை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், சக்கரத்தை மாற்றலாம். ஃபிரேமின் அளவை மட்டும் வாங்கிய பிறகு யாராலும் மாற்ற முடியாது. இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சைக்கிள் கோத்துக் கொடுக்கிறேன். ஆசை ஆசையாய் வாங்கிய ஃபிரேமை ஆறே மாதத்தில் விற்க வந்தவர்களில் பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பியது உடல்வலிதான்.

அதனால்தான் உங்கள் கடிதம் கண்டதும் பழைய சைக்கிளை அளந்து அனுப்பச் சொன்னேன். மற்ற வாசகர்களுக்காக முறையைச் சொல்லிவிடுகிறேன். சம தரையில், பின்சக்கரம் சுவரைத் தொடும்படி சைக்கிளை நேராக நிறுத்துங்கள். சுவரிலிருந்து பெடல் அச்சின், அதாவது இரு பெடல் கரங்களும் சேர்ந்து சுழலும் அச்சின், நடு வரை ஓர் அளவு. சுவரிலிருந்து ஹெட் டியூபின், அதாவது ஃபிரேமின் முன்னால் ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் குட்டைக் குழாயின், மேல்விளிம்பின் நடு வரை இன்னோர் அளவு. கழித்தால் வருவது ‘ரீச்’. அதே இரண்டு புள்ளிகளையும் தரையிலிருந்து அளந்து கழித்தால் ‘ஸ்டாக்’. 54, 56 என்று ஃபிரேமில் எழுதியிருக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பொருள் தரும். இந்த இரண்டும் அப்படி மாறுவதில்லை.

உங்கள் பழைய ஃபிரேமில் ஸ்டாக் 560 மி.மீ., ரீச் 382. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்குக் கீழே 30 மி.மீ. உயரத்துக்கு வளையங்கள் போட்டிருக்கிறீர்கள். ஆக, உங்கள் ஸ்டெம் உட்காரும் உயரம் 590. பந்தய ஃபிரேமின் ஸ்டாக் 545 என்று நீங்கள் அனுப்பிய பட்டியல் சொல்கிறது. அதே உயரம் வர 45 மி.மீ. வளையம் வேண்டும். கழுத்து வலிக்காக இன்னும் 10 மி.மீ. உயர்த்தினால் 55. ஃபோர்க்கிலிருந்து மேலேறி ஸ்டெம்மைத் தாங்கும் கார்பன் ஸ்டியரர் குழாயில் 30 அல்லது 40 மி.மீ.க்கு மேல் வளையம் போடக் கூடாது என்று பல நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. நெடுந்தூர ஃபிரேமில் ஸ்டாக் 570. பழைய உயரத்துக்கு 20 மி.மீ. போதும், உயர்த்தினாலும் 30-இல் நிற்கும்.

ரீச் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பந்தய ஃபிரேமில் 388, நெடுந்தூர ஃபிரேமில் 380, எட்டு மி.மீ. வேறுபாடு இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் ஹெட் டியூப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், 73 பாகைச் சாய்வில், வளையம் 10 மி.மீ. ஏறினால் ஸ்டெம் சுமார் 3 மி.மீ. பின்னால் வருகிறது. 590 உயரத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள். பந்தய ஃபிரேம் 374, நெடுந்தூர ஃபிரேமும் 374, உங்கள் பழையது 373. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. உங்கள் ஸ்டெம்மை அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.

இனி எடை. பந்தய ஃபிரேமை எடுத்தால் 270 கிராம் குறைகிறது. நீங்கள், சைக்கிள், தண்ணீர், கருவிப்பை எல்லாம் சேர்ந்து சுமார் 84 கிலோ என்று வைத்துக்கொண்டால், குறைவது ஆயிரத்தில் மூன்று பங்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும்போது உங்களுக்கு மிஞ்சுவது சுமார் 15 விநாடி. 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்தில் முடிக்க வேண்டிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பயணத்தில், கழுத்து வலியால் சாலையோரம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே அந்த 15 விநாடி பல மடங்காகப் போய்விடும்.

பந்தய ஃபிரேமைத் தள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. அதன் விவரக் குறிப்பில் ‘மின்கியருக்கு மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. கேபிள் செல்லும் வழியே அதில் கிடையாது. உங்கள் 105 கேபிளில் ஓடுவது. ஃபிரேமை வாங்கிய கையோடு கியர் முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். உதிரிகளை வைத்துக்கொண்டு கோப்பவர்கள் எடையைப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டிய வரி அது.

பெடல் அச்சு உட்காரும் கூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. நெடுந்தூர ஃபிரேமில் மரை போட்ட கூடு இருக்கிறது, பெயர் பி.எஸ்.ஏ. நம்மில் பலர் பள்ளிக்கு ஓட்டிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிளின் பெயரும் அதுதான். பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் சுருக்கம். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அந்தப் பெயரை நம் தெருக்களுக்குக் கொண்டுவந்தது. அந்த மரைக்கு அங்குலத்துக்கு 24 சுற்று. பேரிங்கைத் தாங்கிக் கூட்டில் திருகும் கப்புகளில் வலப்பக்கக் கப்பு மட்டும் இடது மரை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பா தன் கடையில் வலப்பக்கக் கப்பை என் கையில் கொடுத்து, ‘இது மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும், மறக்காதே’ என்றார். இன்று லட்ச ரூபாய் கார்பன் ஃபிரேமிலும் அதே மரையைத்தான் சுற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் அவர் நினைவு வருகிறது.

மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் கூடுகள் எல்லாமே மோசமானவை என்று சொல்ல மாட்டேன். கூடு சரியான வட்டமாக இருந்தால் அவையும் சத்தமின்றி உழைக்கின்றன. வட்டம் கொஞ்சம் பிசகினாலும் பெடலை மிதிக்கும்போதெல்லாம் ‘கிரீச்’ என்று முனகும். கழற்றவும் பூட்டவும் தனிக் கருவி வேண்டும். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் அது முனகத் தொடங்கினால் கேட்டுக்கொண்டே போவதைத் தவிர வழியில்லை. மரைக் கூடு என்றால் திருச்சியிலேயே சரிசெய்யலாம்.

மூன்றாவதற்கு வருகிறேன். டி700, டி800, டி1000 என்பவை ஜப்பானின் டோரே நிறுவனம் தன் இழைகளுக்கு வைத்த பெயர்கள். எண் கூடக்கூட ஃபிரேம் விறைப்பாகும் என்று கடைகளில் சொல்கிறார்கள். டி700-இன் விறைப்பு 230 கிகாபாஸ்கல். டி800, டி1000 இரண்டுக்குமே 294. டி1000-இல் கூடுவது இழுவலிமை. உண்மையிலேயே விறைப்பான எம்40ஜே இழைக்கு 377. ஆனால் டி700 அறுவதற்கு முன் சுமார் 2.1 சதவீதம் நீளும் என்றால், எம்40ஜே 1.2 சதவீதத்திலேயே அறுந்துவிடும். அதனால் நல்ல நிறுவனங்கள் ஒரே ஃபிரேமில் பல இழைகளைக் கலந்துதான் போடுகின்றன. வாழை நாரை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், கையை அறுக்கும், அறாது. குறுக்கே பிரித்தால் சிலும்பு சிலும்பாக வந்துவிடும். கார்பன் இழையும் அப்படித்தான். எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எத்தனை அடுக்கு என்பதில்தான் வேலைப்பாடு இருக்கிறது. இழையின் பெயரை யாரும் ஸ்டிக்கரில் அச்சடித்துவிடலாம். அடுக்கை வெளியிலிருந்து பார்க்க முடியாது.

பெயரில்லாமல் வருவதெல்லாம் குப்பை என்ற கட்சியிலும் நான் இல்லை. விற்பவரிடம் இரண்டு கேளுங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 4210 சோதனை அறிக்கை இந்த மாடலுக்கு இருக்கிறதா? கியர் தொங்கும் ஹேங்கர் தனியாகக் கிடைக்குமா? முதல் கேள்விக்கு மழுப்பினால் விட்டுவிடுங்கள். பாதி விலைக்கு வாங்கிய அப்படியொரு ஃபிரேமை ஓர் இளைஞர் என்னிடம் கொண்டுவந்தார். கூட்டின் உள்ளே சிறு கேமராவை விட்டுப் பார்த்தபோது, சுவரில் இழை மடிந்து, பசை கட்டியாக நின்றிருந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு மனமே வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

ஹேங்கர் என்பது கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு. சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளையும். நூற்றுக்கணக்கான வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. 300 கிலோமீட்டர் பயணம் ஒன்றில் தொப்பூர் இறக்கத்தில் என்னோடு வந்தவருக்கு அது முறிந்தது. அதே வடிவம் கிடைக்க அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. ஃபிரேம் வாங்கும் அன்றே இரண்டு சேர்த்து வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சீட்டுப் பையில்.

ஆக, இரண்டாவதையே வாங்குங்கள். 32 மி.மீ. டயர் அதில் போகும் என்று பட்டியலில் இருக்கிறது. 30 போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். கார்பனால் கிடைக்கும் சொகுசைவிட அந்த டயரால் கிடைப்பது அதிகம். கோக்கும்போது சீட்டைத் தாங்கும் சீட் போஸ்டுக்குக் கிரீஸ் வேண்டாம். கார்பனுக்கென்றே மணல்போல் நறநறக்கும் பசை விற்கிறது, அதைத் தடவுங்கள். கிளாம்பில் எழுதியிருக்கும் அளவுக்கு, பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கைப்பழக்கத்தை இதில் நம்ப வேண்டாம். சீட் உயரத்துக்கு, தொடையிடுக்கிலிருந்து தரை வரை உள்ள அளவை 0.883-ஆல் பெருக்குங்கள். உங்களுடையது 80 செ.மீ. என்பதால் பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் மேற்பரப்பு வரை 70.6 செ.மீ. வரும். அங்கிருந்து தொடங்கி, ஓட்டி ஓட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் வாரம் மூன்று நாள் ஓட்டுகிறேன். கார்பன் ஃபிரேமில் அலுமினிய சீட் போஸ்ட் இறுகிப்போய் அசையவே மறுக்கிறது. என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் உப்புநீர் புகுந்தால் அது சிறு மின்கலம்போல ஆகிவிடும். அரிபடுவது அலுமினியம். வெள்ளைத் துகளாகப் பூத்து, பருத்து, குழாயை அடைத்துக்கொள்ளும். கடற்காற்றிலும் உப்பு, வியர்வையிலும் உப்பு. போஸ்டைக் குறட்டால் பிடித்துத் திருக வேண்டாம், ஃபிரேம் கிழிந்துவிடும். சூடும் காட்ட வேண்டாம், கார்பனின் பசை இளகும். ஊடுருவும் எண்ணெயை விட்டு இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அப்படியும் வராவிட்டால், போஸ்டை உள்ளிருந்து அறுத்தெடுக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். பொறுமையான வேலை அது. பிறகு கார்பன் போஸ்டே போடுங்கள். எதைப் போட்டாலும் மாதம் ஒருமுறை உருவித் துடையுங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் பழைய கார்பன் சைக்கிள் ஒன்றைக் கேட்கிறான். மேல் குழாயில் ஒரு முடிக்கோடு தெரிகிறது. பெயின்ட் மட்டும்தான் என்கிறார் விற்பவர். நம்பலாமா?
– வாசகி, கோவை

பதில்: பானை வாங்கும்போது சுண்டிப் பார்ப்பீர்கள் அல்லவா அம்மா, அதே சோதனைதான். ஒரு ரூபாய் நாணயத்தால் கோட்டின் இருபுறமும் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை கணீரென்று ஒரே மாதிரி வந்தால் நல்லது. கோட்டருகே மட்டும் மந்தமாக ஒலித்தால் அடுக்கு பிரிந்திருக்க வாய்ப்புண்டு. கோட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். தடுக்கினால், அல்லது அழுத்தும்போது குழி விழுந்தால் வேண்டாம். ஓசை நன்றாக இருந்தாலும் அது முடிவல்ல, தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். குழாயில் விரிசல் இருந்தாலும், இழை வைத்துப் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் என் கவலையெல்லாம் ஃபோர்க்கைப் பற்றித்தான். ஸ்டெம் பிடித்திருக்கும் ஸ்டியரர் குழாய் வெளியே தெரியாது. அதிகமாக இறுக்கியிருந்தால் விரிசல் அங்கேதான் விழும், அது முறியும்போது ஓட்டுபவருக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. சென்ற ஆண்டு ஒரு மாணவர் வாங்கிவந்த பழைய சைக்கிளில் ஸ்டெம்மைக் கழற்றினேன். ஸ்டியரரில் பாதிச் சுற்றுக்கு விரிசல் ஓடியிருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறுதான் அவர் அந்தச் சைக்கிளில் கோத்தகிரியிலிருந்து இறங்கி வந்திருந்தார். வேறு யார் கைக்கும் போய்விடக் கூடாதென்று அந்த ஃபோர்க்கை அவர் கண்ணெதிரே ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போட்டேன். பணம் கொடுக்கும் முன், ஃபோர்க்கைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் மகனை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.