ஒரே குழாய்க்கிணறு, இரண்டு அறிக்கை: எது சரி?

கேள்வி: வெலிமடையில் பொலித்தீன் கூடாரத்தில் கறிமிளகாய் செய்கிறேன். சொட்டுக்குழாய்த் துளைகளைச் செம்மஞ்சளாக, வழுவழுப்பாக ஏதோ அடைக்கிறது. குழாய்க்கிணற்று நீரை இரண்டு ஆய்வுகூடங்களில் கொடுத்தேன். ஒன்றில் இரும்பு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம், மற்றதில் 3.1. எதை நம்புவது? மகள் படிக்கும் இடத்தில் நிறமாலை ஒளிமானி இருக்கிறது. நாங்களே பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். இரும்பை நிறமாக்கி, அந்த நிறம் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று ஒளிமானியால் அளப்பதே முறை. அதற்கு முன், 0.2 என்று வந்த போத்தல் கையில் இருந்தால் அடியைப் பாருங்கள். செம்மஞ்சள் வளையம் படிந்திருந்தால், தேடிய இரும்பு அங்கேதான் இருக்கிறது. நிலத்தடியில் காற்றில்லாததால் இரும்பு கரைந்து, நீர் தெளிவாகவே வரும். காற்றுப் பட்டதும் துருவாக மாறி அடியில் இறங்கும், சுவரில் ஒட்டும். மேல்நீரை மட்டும் ஊற்றி அளந்தால் குறைவாகத்தான் காட்டும். உங்கள் குழாய்களில் உள்ள வழுவழுப்பு, இரும்பை உண்டு வளரும் பற்றீரியாக்களின் வேலை.

ஆகவே மாதிரி எடுப்பதில்தான் கவனம் வேண்டும். பம்பை 10 - 15 நிமிடம் ஓடவிடுங்கள். இல்லாவிட்டால் குழாயின் துருவைத்தான் அளப்பீர்கள். பசளைத் தொட்டிக்கு முன்னால் எடுங்கள், சில பொசுபேற்றுகள் நிறம் வருவதைக் கெடுக்கும். 500 மில்லிலீற்றர் போத்தலில் செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலம் 2 மில்லிலீற்றர் அந்த இடத்திலேயே விடுங்கள். அமிலத்தில் இரும்பு படியாது.

நியம கரைசலுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க, இரும்பின் அளவு தெரிந்த கரைசல்), பெரசு அமோனியம் சல்பேற்று 0.702 கிராமைச் சிறிது சல்பூரிக் அமிலம் சேர்த்த காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லீற்றராக்கினால் லீற்றருக்கு 100 மில்லிகிராம் இரும்பு கிடைக்கும். அதைப் பத்து மடங்கு ஐதாக்கி 2, 5, 10, 20 மில்லிலீற்றர் வீதம் எடுங்கள். இறுதியில் 100 மில்லிலீற்றராக்கும்போது அவை லீற்றருக்கு 0.2, 0.5, 1, 2 மில்லிகிராம் ஆகும்.

மாதிரியைக் குலுக்கி 50 மில்லிலீற்றர் எடுத்து, செறிந்த ஐதரோக்குளோரிக் அமிலம் 2 மில்லிலீற்றர், ஐதரொட்சிலமீன் கரைசல் (இரும்பை நிறம் தரும் பெரசு வடிவுக்கு மாற்றுவது) 1 மில்லிலீற்றர் சேர்த்து, 15 - 20 மில்லிலீற்றராக வற்றும்வரை கொதிக்க வையுங்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் படிதான். கொதிக்காவிட்டால் துருத் துணிக்கை கரையாது, கரையாதது நிறமும் தராது. ஆறியதும் பீ.எச்.-ஐ நிலையாக வைக்க அமோனியம் அசற்றேற்று தாங்கற்கரைசல் 10, இரும்போடு சேர்ந்து நிறம் தரும் பினாந்த்ரோலின் கரைசல் 4 மில்லிலீற்றர் விட்டு, 100 வரை நிரப்பி, 10 - 15 நிமிடம் வையுங்கள். செம்மஞ்சள் கலந்த சிவப்பு எழும். நியமங்களையும் இரும்பில்லாத வெறுங்கரைசலையும் இதே வழியில் கொண்டுபோக வேண்டும். ஐதரொட்சிலமீன் நச்சு, கையுறை இன்றித் தொட வேண்டாம். கண்ணாடிப் பாத்திரங்களை ஐதான அமிலத்தால் கழுவுங்கள், சவர்க்காரம் போதாது.

ஒளிமானியை 510 நனோமீற்றரில் வைத்து, வெறுங்கரைசலில் பூச்சியமாக்கிவிட்டு வாசியுங்கள். 1 சென்ரிமீற்றர் கலத்தில் லீற்றருக்கு 1 மில்லிகிராம் ஏறக்குறைய 0.2 உறிஞ்சல் தரும். உங்கள் வாசிப்பு 0.31 என்றால் அது 1.55. 50-ஐ 100 ஆக்கியதால் இரண்டால் பெருக்க, 3.1! பெருக்க மறப்பவர்கள் நிறைய. பெருக்குமுன்பே லீற்றருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போனால் மாதிரியை ஐதாக்கி மீண்டும் செய்யுங்கள். நீரே மண்ணிறமாக இருந்தால், பினாந்த்ரோலின் மட்டும் விடாத அதே மாதிரியின் வாசிப்பைக் கழியுங்கள்.

சொட்டு நீருக்கு இரும்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அடைப்பு நிச்சயம், 0.1-க்குக் கீழே பயமில்லை. 3.1 உறுதியானால், நீரைத் தொட்டிக்குள் பூமழையாக விழவிட்டு, படியவைத்து, மணல் வடியால் அனுப்புங்கள். நீரின் பீ.எச். 6 அளவில் இருந்தால் துரு மிக மெதுவாகவே உருவாகும். ஒரு அலகு ஏறினால் வேகம் ஏறத்தாழ நூறு மடங்கு. எனவே தொட்டியின் பீ.எச்.-ஐயும் பாருங்கள். வடிக்குப் பின்னான நீரையும் இதே முறையில் ஒருமுறை அளந்துவிட்டு, அடைந்த குழாய்களை மாற்றுங்கள்.