திருவிழாவுக்கு வரமாட்டேன் என்கிற மகள்

கேள்வி:

எனக்கு 41 வயது. பிறந்து வளர்ந்தது மதுரை, வாழ்க்கைப்பட்டது சென்னை. மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் நான்காம் வகுப்பு முடிக்கிறான். வருடம் தவறாமல் சித்திரைத் திருவிழாவுக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். கொரோனாவால் ஜனங்கள் போக முடியாத 2020, 2021 மட்டும்தான் விதிவிலக்கு. மொட்டைமாடியில் வத்தலுக்குக் காவல் இருந்தது, கள்ளழகர் வைகையில் இறங்குவதைப் பார்க்க விடிகாலையில் ஆற்றுக்கு நடந்து போனது, நீர்மோர்ப் பந்தல் என்று நான் அனுபவித்த கோடையை என் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஆசைப்பட்டேன். இந்த வருடம் மகள் வரவே மாட்டேன் என்கிறாள். போன வருடமே கூட்டத்தின் நடுவில் அழுது அடம்பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்துவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் எங்களை எழுப்பிவிடுவதே அவள்தான். கணவர், "டென்த் வருது, கோச்சிங் இருக்கு, விடு" என்கிறார். எனக்கு ஆபீஸில் நாலு நாள்தான் லீவு. ஊருக்குப் போனாலும் சமையலறையை விட்டு வெளியே வர முடிவதில்லை. மற்றவர்கள் ஸ்டேட்டஸில் போடுகிற படங்களைப் பார்த்தால், நான் நல்ல அம்மா இல்லையோ என்று தோன்றுகிறது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புத் தோழிக்கு,

நானும் மதுரைக்காரிதான், செல்லூர். அதனால் உங்கள் கடிதத்தை முதல் தடவை படித்தபோது கேள்வி எதுவும் மண்டையில் ஏறவில்லை. தண்ணீர் பீய்ச்சுகிற தோல் பையும், சல்லடம் என்கிற அரைக்கால் உடை கட்டி ஆடுகிற ஆட்களும், ஆழ்வார்புரத்து ஆற்று மணலும்தான் கண் முன்னால் வந்து நின்றன. இரண்டாம் தடவை படிக்கையில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப் போன வரி அது. கூட்டத்தின் நடுவில் மகள் அழுதாள் என்கிற வரி.

எல்லோரையும் எழுப்பிவிடுகிற பெண், ஒரே காலையில் இப்படி மாறியிருக்கிறாள். ஏன் என்று யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அது இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். எனக்கு அப்போது பதிமூன்று வயது. தல்லாகுளத்தில் எதிர்சேவைக் கூட்டம், அழகரை ஊர் எதிர்கொண்டு வரவேற்கிற நாள். முன்னால் சித்தி, பின்னால் யாரோ. அந்த யாரோவின் கை முதலில் பட்டபோது நெரிசல் என்று நினைத்தேன். இரண்டாவது முறையும் அப்படியே நினைக்கப் பார்த்தேன். மூன்றாவது முறை தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஐம்பது முகம், ஐம்பதும் சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். "வெயில் ஒத்துக்கல பிள்ளைக்கு" என்று அம்மா பானகம் கரைத்துக் கொடுத்தாள். சுக்கு கொஞ்சம் தூக்கல். இன்றைக்கும் பானகம் என்றால் எனக்கு அந்த மத்தியானம்தான். அதற்கப்புறம் ஐந்தாறு வருடம் சித்திரை பிறந்தால் வயிறு வலிக்கும், தலை வலிக்கும், "படிக்கணும்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். படிப்பில் அக்கறை வந்துவிட்டது என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

உங்கள் மகளுக்கும் இதுதான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு மாதவிலக்காக இருந்திருக்கலாம். நாப்கின் மாற்ற ஓர் இடம் கிடைக்காமல் தவித்திருக்கலாம். மூச்சு முட்டியிருக்கலாம். 2022-ல் இரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு கூடிய கூட்டத்தில் நெரிசலில் சிக்கி இரண்டு பேர் இறந்துபோனார்கள், ஆகவே அந்தப் பயத்தையும் "சும்மா பயப்படாதே" என்று தள்ளிவிட முடியாது. இல்லை, வெறுமனே அந்த வயதாகவும் இருக்கலாம். அம்மாவுக்கு இனிப்பதெல்லாம் பிள்ளைக்குக் கசக்கிற வயது. எது என்று தெரிந்துகொள்ளாமல் "வந்தே ஆகணும்" என்று இழுத்துப் போவதும் தப்பு, "சரி, கோச்சிங்குக்குப் போ" என்று விட்டுவிடுவதும் தப்பு.

எதிரே உட்காரவைத்து "உண்மையைச் சொல்லு" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, இரண்டு பேர் கண்ணும் சந்திக்காத ஒரு நேரத்தில் பேசுங்கள். முதலில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். டவுன் பஸ்ஸில், தேர்க் கூட்டத்தில், எங்காவது ஒன்று இருக்கும். நம் வயதுப் பெண்களில் அப்படி ஒன்று இல்லாதவளை நான் இதுவரை சந்தித்ததில்லை. பிறகு, "உனக்குப் போன வருஷம் அந்த மாதிரி ஏதாச்சும் ஆச்சா? ஆயிருந்தா அதுல உன் தப்பு ஒண்ணுமில்ல" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். வாய் துறுதுறுக்கும். "இல்லம்மா" என்றால் விட்டுவிடுங்கள்; கேட்டது அவள் காதில் இருக்கும், ஒரு மாதம் கழித்துக்கூடப் பதில் வரும்.

"ஆமா" என்றால், "ஏன் அப்பவே சொல்லல?" என்பது உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. என்ன உடை போட்டிருந்தாள், எந்தப் பக்கம் நின்றாள் என்கிற விசாரணையும் வேண்டாம். பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளையை அப்படித் தொடுவது 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி குற்றம், நீ சொன்னதை நான் நம்புகிறேன் என்று அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவேளை பேச்சு முன்பின் தெரியாதவனை விட்டு உறவுக்காரர், தெரிந்தவர் என்று திரும்பினால், அது ஒரு பத்திரிகைப் பதிலில் முடிகிற விஷயம் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். ஊரில் யார் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நல்ல அம்மாவா என்கிற கேள்விக்கு.

மொட்டைமாடி வத்தலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். காக்காய் விரட்டக் கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருந்தது நீங்கள். விடிவதற்கு முன்னால் எழுந்து ஜவ்வரிசிக் கூழைக் கைவிடாமல் கிண்டியது யார்? பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, கூழ் ஆறி இறுகுவதற்குள் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே போனது யார்? காய்ந்த துணியைக் குப்புறத் திருப்பி, முதுகில் தண்ணீர் தெளித்து, ஓரம் பிய்யாமல் ஒவ்வொன்றாக உரித்தெடுத்தது யார்? உங்களுக்கு ஞாபகம் இருப்பது, பாதி காய்ந்து நடுவில் இன்னும் கொழகொழவென்று இருக்கும் வத்தலைத் திருடித் தின்றது. அதில் தப்பில்லை, பிள்ளைக்கு அதுதான் ஞாபகம் இருக்கும். ஆனால் நீங்கள் இப்போது நாலு நாள் லீவில் குடை பிடித்த சிறுமியாகவும் இருக்கப் பார்க்கிறீர்கள், கூழ் கிண்டிய அம்மாவாகவும் இருக்கிறீர்கள். உடம்பு தாங்குமா?

என் அம்மாவிடம் அவருடைய கடைசிக் காலத்தில் ஒருநாள் கேட்டேன், "நீ எத்தன தடவம்மா அழகர் எறங்குறதப் பாத்திருப்ப?" என்று. கல்யாணமான நாளிலிருந்து ஆற்றிலிருந்து பத்து நிமிட நடையில் குடியிருந்தவர். "எங்கடி பாத்தேன்? டிவியில காட்ட ஆரம்பிச்ச பெறகுதான் முழுசாப் பாத்தேன். அதுக்கு முன்னாடி இருவது எலை போடணும்ல" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கிராமத்திலிருந்து வண்டி கட்டி வரும் சொந்தக்காரர்கள் ஆற்றிலிருந்து பசியோடு திரும்பும்போது இலை போட்டாக வேண்டும். அழகர் கட்டி வந்தது பச்சைப் பட்டா, சிவப்புப் பட்டா என்பதை அவர்கள் வாயால்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார். பச்சை என்றால், "நல்லா வெளையும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஈடு இட்லியைத் தட்டுவார்.

உங்கள் அம்மாவிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நீங்கள் உங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் துடிக்கிற அந்தக் கோடை என்ன விலைக்கு வந்தது என்று தெரியும்.

அந்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டியதில்லை. இந்தத் தடவை திருவிழா நாளில் அம்மா வீட்டு அடுப்பு எரிய வேண்டாம். தெருவுக்குத் தெரு அன்னதானம் நடக்கிற ஊரில், புளியோதரையும் தயிர்சாதமும் கையில் திணிக்கிற ஊரில், அன்றைக்கு வீட்டில் சாம்பார் கொதிக்கவில்லையே என்று யார் அழப்போகிறார்கள்? உங்கள் அம்மா ஒருவேளை முகத்தைத் தூக்குவார். தூக்கட்டும், சாயங்காலத்துக்குள் இறங்கிவிடும்.

பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் வர வேண்டும் என்பதையும் விட்டுவிடுங்கள். இதை மதுரைக்காரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்து அழகர் விழாவோடு சேர்த்தது திருமலை நாயக்கர் காலத்தில், 17-ஆம் நூற்றாண்டில். தேர் ஓடுவது சித்திரையில், ஓடுகிற தெருவுக்குப் பெயர் இன்னும் மாசி வீதி. சாமி கல்யாணத்தின் மாதத்தையே சௌகரியம் பார்த்து மாற்றிக்கொண்ட ஊர் அது. உங்கள் வீட்டு அட்டவணை அதைவிடக் கெட்டியானதா?

அப்புறம் அந்த அழகர் கதை. மண்டூக மகரிஷியின் சாபத்தைப் போக்கத்தான் அழகர்மலையிலிருந்து 21 கிலோமீட்டர் வருகிறார் என்பது கோயில் புராணம். நம் பாட்டிகள் சொன்னது வேறு: தங்கை மீனாட்சி கல்யாணத்துக்குக் கிளம்பி வந்தவர், அதற்குள் தாலி கட்டியாகிவிட்டது என்று கேள்விப்பட்டு, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே வண்டியூருக்குப் போய்விட்டார். ஜனங்களுக்கு இந்தக் கோபக்கார அண்ணனைத்தான் பிடித்திருக்கிறது. வீட்டுக்கு ஒருத்தர் அப்படி இருக்கிறார்கள் இல்லையா? அவரைக் கையைப் பிடித்து மண்டபத்துக்கு இழுத்து வர யாரும் போகவில்லை. அவர் நிற்கிற இடத்துக்கு ஊர்தான் போகிறது.

மகள் ஆற்றுக்கு வரமாட்டேன் என்றால், அன்று காலை பாட்டியோடு டிவி முன்னால் உட்காரட்டும். இரண்டு பேருமாக அந்த நேரலையைப் பார்க்கட்டும். அவளுக்கே சாமியைப் பக்கத்தில் பார்க்க ஆசை இருந்தால், கோயிலை விட்டு அழகர் கிளம்பி வருகிற ராத்திரி இருக்கிறது. அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல் என்று வழிநெடுக மண்டகப்படிகளில், அதாவது சாமி தங்கிப் போகிற மண்டபங்களில், நின்று நின்றுதான் வருவார். அங்கேயும் கூட்டம் உண்டு, ஆனால் ஆற்று மணல் மாதிரி நாலு பக்கமும் அடைத்துக்கொள்ளாது. வேண்டாம் என்றால் சட்டென்று ஒதுங்க ரோட்டோரம் இருக்கிறது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பதை அவள் சொல்லட்டும். "போலாம்" என்றால் அந்த நிமிடம் கிளம்புங்கள், "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று இழுக்காதீர்கள்.

மகனைப் பற்றி வகுப்பைத் தவிர நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஒன்பது வயதுப் பையன், தொல்லை தராததால் கடிதத்தில் இடம் கிடைக்கவில்லை. அழகருக்கு எடுத்துப் போகிற சர்க்கரைச் சொம்பை அவனிடம் கொடுங்கள். நாட்டுச்சர்க்கரையை வாய்வரை நிரப்பி, வாழை இலையைப் போட்டு மூடி, நூலால் சுற்றிக் கட்டுகிற வேலை முழுக்க அவனுடையது. நாலு தடவை இலை கிழியும், கிழியட்டும். மேலே சூடம் ஏற்றுவது அவன் அப்பா. இலை லேசாகப் பொசுங்குகிற வாசனையோடு அந்தச் சர்க்கரையைக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கிள்ளிக் கொடுக்கிற வேலையும் அப்பனும் பிள்ளையுமாகச் செய்யட்டும்.

இதிலேயே உங்கள் வீட்டுக்காரருக்கான பதிலும் வந்துவிட்டது. நாலு நாள் கோச்சிங் போகாவிட்டால் பத்தாம் வகுப்பு கவிழ்ந்துவிடாது. ஆனால் மகளிடம் நீங்கள் பேசி முடிக்கும்வரை அவரோடு இதற்குச் சண்டை போடாதீர்கள். அவள் ஒளிந்துகொண்டிருப்பது அந்தக் கோச்சிங்குக்குப் பின்னால் என்றால், அதை இப்போதைக்குப் பிடுங்க வேண்டாம்.

ஸ்டேட்டஸ் படங்களுக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. நானும் பார்க்கிறேன், எனக்கும் எரிகிறது.

அழகர் இறங்குவது சித்திரைப் பௌர்ணமியில், அது ஒவ்வொரு வருடமும் ஒரு பக்கம் போகிறது. 2024-ல் அழகர் ஏப்ரல் 23 அன்று இறங்கினார், 2025-ல் மே 12 அன்று. ஸ்கூல் லீவுக்கும் உங்கள் ஆபீஸ் லீவுக்கும் அது ஒத்துவருகிறதா என்று முதலில் காலண்டரைப் பாருங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது, திருவிழா சமயத்து இருக்கைகள் சீக்கிரம் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் கிண்ணத்தோடு மகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுங்கள். எத்தனை டிக்கெட் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.