ஒளித்து வைத்தால் போதுமா? ரகசிய அறை வைத்த மேசைகள் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: என் டீப்பாயின் மேல்பலகையைத் தள்ளினால் உள்ளே கைத்துப்பாக்கி வைக்க இடம் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. பூட்டு மட்டும் கிடையாது. வீட்டில் ஒன்பது வயதுப் பையன் இருக்கிறான். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2001-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள 64 பையன்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் கால் மணி நேரம் விட்டுப் பார்த்தார்கள். டிராயர்களில் இரண்டு தண்ணீர்த் துப்பாக்கிகளும், சுட முடியாதபடி செய்த ஒரு நிஜத் துப்பாக்கியும் இருந்தன. 48 பேர் நிஜத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை அழுத்தினார்கள். கண்டுபிடித்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதைப் பொம்மை என்று நினைத்தார்கள், அல்லது நிஜமா என்று தெரியாமல் இருந்தார்கள். எடுத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல், துப்பாக்கியைத் தொடக்கூடாது என்பது போன்ற பாதுகாப்புப் பாடத்தை ஏற்கெனவே கேட்டவர்கள்.

அதெல்லாம் கால் மணி நேரத்தில் நடந்தது. உங்கள் பையனோ நாள் முழுக்க அந்த டீப்பாயைச் சுற்றித்தான் விளையாடுகிறான். பந்து அடியில் உருண்டால் படுத்து எடுப்பான், அண்ணாந்து பார்ப்பான். நீங்கள் தள்ளித் திறக்கிற மூலையைச் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். நாளாக ஆக வார்னிஷ் அந்த இடத்தில் மட்டும் விரல் பட்டு மழமழவென்று ஆகிவிடும். பெரியவர்கள் கவனிக்காததைப் பிள்ளைகள் கவனிப்பார்கள்.

இன்றே தோட்டாக்களைக் கழற்றி, வேறோர் இடத்தில் பூட்டி வையுங்கள். துப்பாக்கியைப் பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் வையுங்கள். டீப்பாயை விட மனமில்லை என்றால், அந்தப் பெட்டியையே உள்ளே போல்ட் போட்டு முடுக்கிக்கொள்ளலாம். சாவி எப்போதும் உங்களிடம் இருக்கட்டும்.

கேள்வி: காந்தச் சாவியில் திறக்கும் டிராயர் நல்லதா, கார்டு காட்டினால் திறப்பதா?

பதில்: காந்தச் சாவிப் பூட்டு என்பது பெரும்பாலும், குழந்தை திறக்காமல் இருக்க சமையலறை அலமாரியில் போடும் அதே கொக்கிதான். வலுவான காந்தம் எது கிடைத்தாலும் திறக்கும். பழைய ஹார்டு டிஸ்க்கைப் பிரித்தாலே அப்படி ஒன்று கையில் வந்துவிடும். கார்டு பூட்டு அதைவிட மேல். ஆனால் அது பேட்டரியில் ஓடுவது. பேட்டரி தீர்ந்தால் எப்படித் திறக்கும் என்று வாங்கும்போதே கேளுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். அப்புறம், அந்தக் கார்டை ஹாலில் சாவிக் கொத்தோடு மாட்டி வைத்தால் பூட்டு போட்டதற்கே அர்த்தமில்லை.

கேள்வி: ரகசிய டிராயரில் ஸ்பாஞ்ச் போட்டு, துப்பாக்கியைத் தோல் உறையோடு வைத்தேன். நான்கு மாதத்தில் துரு. எண்ணெய் போட்டுத்தானே வைத்தேன்?

பதில்: குற்றம் எண்ணெயில் இல்லை. ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோலும் அப்படித்தான், பதனிடும்போது சேர்ந்த உப்பும் அதில் இருக்கும். உறையைத் தனியே எடுத்து வையுங்கள்.

பலரும் யோசிக்காத இன்னொன்று மரம். மரம் மெதுவாக அமில ஆவியை விடும். ஓக் மரத்தில் இது அதிகம். காற்றோட்டமில்லாத சின்ன அறைக்குள் அந்த ஆவி தேங்கி நின்று இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஈயப் பொருள்களில் வெள்ளைப் பொடி பூப்பதும் இதனால்தான். ஓக் பெட்டிகளில் வைத்த ஈயக் காசுகளும் முத்திரைகளும் கெட்டதைப் பார்த்து அருங்காட்சியகங்கள் தெரிந்துகொண்ட விஷயம் இது. ரகசிய அறை எவ்வளவு கச்சிதமாக மூடுகிறதோ, அவ்வளவுக்கு இந்தத் தொல்லை. சிலிக்கா ஜெல் போட்டு, சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றையும் வையுங்கள். 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. ஜெல் நிறம் மாறியதும் பாக்கெட்டில் சொன்ன சூட்டில் காயவைத்து மறுபடி போடலாம்.

கேள்வி: துப்பாக்கியை உள்ளே ஒளித்து வைக்க, சுவரில் மாட்டும் பலகைத் தட்டு ஒன்று பார்த்தேன், அடிப்பலகை கீழே இறங்கித் திறக்கிறது. வாங்கலாமா?

பதில்: பூட்டு இருந்தால் மட்டும் யோசியுங்கள். நீளத் துப்பாக்கி ஒன்றே மூன்று, நான்கு கிலோ வரும். தட்டின் எடையோடு சேர்த்து அதைச் சுவரில் இறக்கிய திருகுகள் தாங்க வேண்டும். உள்ளே பிடிப்பு சரியில்லாவிட்டால் திறந்ததும் துப்பாக்கி தலையில் விழும்.

கேள்வி: ரகசிய அறை வைத்த மேசை "லாக்கருக்குச் சமம்" என்று கடைக்காரர் சொல்கிறார்.

பதில்: சமமில்லை. அமெரிக்காவில் வீட்டுப் பெட்டகங்களுக்கு யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் வைத்துள்ள சோதனையின் அடிப்படை நிலையிலேயே, ஒருவர் கருவிகளோடு ஐந்து நிமிடம் முயன்றாலும் கதவு திறக்கக் கூடாது. பிளைவுட் மேசையின் முதுகுப் பலகைக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். ஜெர்மனியில் 2017 ஜூலை முதல், துப்பாக்கிக்குப் புதிதாக வாங்கும் பெட்டகம் ஈஎன் 1143-1 என்ற ஐரோப்பியப் பெட்டகத் தரத்தில் குறைந்தது 0 நிலையில் இருந்தாக வேண்டும். ரகசிய டிராயர் அங்கே செல்லாது. உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: இறந்துபோன பெரியப்பாவின் எழுதுமேசையை விற்கப் போகிறோம். ரகசிய அறை உண்டு என்பார். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பழைய எழுதுமேசைகளில் இது சகஜம். 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஆப்ரஹாம், டேவிட் ரோன்ட்கன் என்ற மரச்சாமான் செய்யும் தந்தையும் மகனும் ஸ்பிரிங் வைத்துத் திறக்கும் ரகசிய டிராயர்களுக்கே பேர் போனவர்கள். எல்லா டிராயரையும் உருவி வெளியே வையுங்கள். முன்னும் பின்னுமாக மற்றவற்றைவிட நீளம் குறைந்த டிராயர் இருந்தால் அதன் பின்னால் தேடுங்கள். மேசையின் வெளி ஆழத்தையும் உள் ஆழத்தையும் அளந்து, பலகையின் தடிமன் போக எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். விரல் முட்டியால் தட்டினால் அந்த இடத்தில் சத்தம் வேறாகக் கேட்கும்.

உள்ளே துப்பாக்கி இருந்தால், காலி என்று தோன்றினாலும் கையில் எடுக்காதீர்கள். மேசை இருக்கும் அறையின் கதவைப் பூட்டிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மேசையை வாங்க வருகிறவரை இன்னொரு நாள் வரச் சொல்லலாம்.