தளிப் பக்கப் பள்ளியில் பிள்ளைகள் வாய் திறப்பதில்லையா?

ஒரு வாரம் பாடத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அவர்கள் வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்று பாருங்கள். பள்ளியில் பணியாற்றும் ஃபெலோஷிப்பில் சேர்ந்து இரண்டு மாதமாகியும் மூன்றாம் வகுப்பு உங்களிடம் பேசவே இல்லை என்கிறீர்கள். பெரும்பாலும் இது பயமில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான். நாம் வேகமாகப் பேசும் தமிழ் பாதிதான் எட்டும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி: களி உருண்டை ஒன்றைப் பலகையில் வரைந்து, "உங்க வீட்ல இதுக்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். நான் கேட்ட அன்று, அதுவரை பாவாடை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்த பெண் "சங்கட்டி" என்றாள். பின்னாலிருந்து ஒரு பையன் "முத்தே!" என்று கத்தினான். களி, சங்கட்டி, முத்தே என்று மூன்று சொற்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். அன்றைக்குத்தான் வகுப்பில் சத்தமே வந்தது.

அப்புறம் ஒன்று. வகுப்பாசிரியரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்தும் கணக்கும் அடிப்படையிலிருந்து கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று அவர் பிரித்து நடத்திக்கொண்டிருப்பார். அதைக் குலைத்துவிடக் கூடாது.

வீட்டு மொழியிலும் பேசாத பிள்ளை இருந்தால் காரணம் வேறு. காது கேட்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.