பழைய மசில் காருக்குப் புது மீட்டர்: கேள்வி பதில்

மசில் கார் என்றால் 1960, 70-களில் வந்த பெரிய இன்ஜின் அமெரிக்கக் கார்கள். அவற்றின் மீட்டர், சென்சார், ஒயரிங் மூன்றையும் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஃபியூஸ் இல்லாத ஒயர்களும் ஓடுகின்றன.

கேள்வி (1970 செவெல்): அண்ணா, புது பெட்ரோல் மீட்டர் மாட்டினேன். டாங்க் காலியானால் முள் ஃபுல்லைத் தாண்டி நிற்கிறது. நிரப்பினால் பாதிக்கு இறங்குகிறது. மீட்டர் கெட்டதா?

பதில்: மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி, டாங்க் சென்சாரோடுதான் அதற்குப் பொருத்தம் இல்லை. உங்கள் செவெல் ஒரு ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) கார். 1965-லிருந்து வந்த ஜிஎம் கார்களின் டாங்க் சென்சார், காலியாக இருந்தால் 0 ஓம் (மின்தடை அளவு), நிரம்பினால் 90 ஓம் காட்டும். அதற்கு முந்தைய ஜிஎம் கார்களில் 0 முதல் 30. ஃபோர்டிலும் கிரைஸ்லரிலும் நேர்மாறு: காலிக்குச் சுமார் 73, நிரம்பினால் சுமார் 10. வெளியில் வாங்கும் மீட்டர்கள் பலவற்றுக்கு 240 காலி, 33 ஃபுல். நீங்கள் வாங்கியது இந்தக் கடைசி வகை. 0 ஓம் வந்தால் அது 33-க்கும் கீழே என்பதால் முள் ஃபுல்லைத் தாண்டுகிறது. 90 ஓம் அதன் கணக்கில் பாதி டாங்க்.

0-90 மீட்டராக மாற்றி வாங்குங்கள், இல்லையென்றால் டாங்க் சென்சாரை 240-33 ஆக மாற்றுங்கள். முதல் வழி சுலபம், டாங்கை இறக்க வேண்டியதில்லை. சரியான மீட்டர்தானா என்று பார்க்க டாங்க் பக்கத்து ஒயரைக் கழற்றி எர்த்தில் தொடுங்கள். முள் காலிக்குப் போக வேண்டும். ஒயரைத் தொங்கவிட்டால் ஃபுல்லைத் தாண்ட வேண்டும். மற்றவர்களும் மீட்டர் வாங்கும் முன் மல்டிமீட்டரால் டாங்க் சென்சாரை அளந்து, அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (1967 மஸ்டாங்): பழைய மீட்டருக்கு வந்த ஒயரிலேயே புதிதற்கும் கரன்ட் கொடுத்தேன். முள் கீழேயே கிடந்து துடிக்கிறது.

பதில்: அந்த ஒயர் டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் வோல்டேஜ் லிமிட்டரிலிருந்து வருகிறது. உள்ளே ஒரு பைமெட்டல் தகடு சூடாகி விலகி, ஆறித் தொட்டு, 12 வோல்ட்டை விட்டுவிட்டு அனுப்பும். சராசரியாக 5 வோல்ட்தான் வரும். புது மீட்டருக்கு முழு 12 வேண்டும். சாவி போட்டால் மட்டும் வரும் லைனில் 3 ஆம்ப் ஃபியூஸ் வைத்து எடுங்கள். பழைய மீட்டர் ஏதாவது மிச்சம் இருந்தால் அது லிமிட்டரிலேயே இருக்கட்டும். அதற்கு 12 கொடுத்தால் கருகிவிடும்.

கேள்வி (1968 கமாரோ): ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் நகர்கிறது. இன்ஜின் சூடாகிறதா?

பதில்: லைட் போட்டதற்காக இன்ஜின் சூடாகாது. எர்த் சரியில்லை. சென்சார் தன் எர்த்தை இன்ஜின் பிளாக்கில் எடுக்கிறது, மீட்டர் டேஷ்போர்டில் எடுக்கிறது. ஹெட்லைட்டின் கரன்ட்டும் துருப்பிடித்த அதே எர்த் வழியாகத் திரும்பினால் இரண்டு இடத்துக்கும் நடுவில் வோல்ட் வித்தியாசம் வரும். மீட்டர் அதையும் வெப்பம் என்று காட்டிவிடும். லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை மீட்டரின் எர்த் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினால் காரணம் அதுதான். எல்லா மீட்டர்களுக்கும் சேர்த்து ஒரே எர்த் ஒயரை இன்ஜின் பிளாக்குக்கே இழுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, இரும்பு பளபளப்பாகத் தெரிந்த பிறகு போல்ட்டை இறுக்குங்கள்.

கேள்வி: ஆயில் பிரஷர் சென்சாரில் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றினேன். முள் எகிறிக் குதிக்கிறது.

பதில்: ஒற்றை ஒயர் சென்சாருக்கு மரைதான் எர்த். டேப்பைப் பிரித்துவிட்டு, திரவ சீலன்ட்டை லேசாகத் தடவி, நுனி மரைகள் இரண்டை வெறுமையாக விட்டு மாட்டுங்கள்.

கேள்வி: எம்எஸ்டி பாக்ஸ் (காயிலுக்குக் கரன்ட் அனுப்பும் இக்னிஷன் பாக்ஸ்) இருக்கிறது. ஆர்பிஎம் மீட்டர் ஒயரைக் காயிலின் நெகட்டிவில் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்த பாக்ஸ் காயிலுக்கு 400 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும், மீட்டர் செத்துவிடும். பாக்ஸிலேயே ஆர்பிஎம் மீட்டருக்கான டேக் அவுட்புட் இருக்கிறது, அதில் கொடுங்கள். சாதாரண பாயின்ட் இக்னிஷனுக்குத்தான் காயில் நெகட்டிவ்.

கேள்வி (1969 சார்ஜர்): என் காரில் எலக்ட்ரிக் ஃபேன், பெரிய ஸ்டீரியோ, சார்ஜ் செய்ய 100 ஆம்ப் ஆல்டர்னேட்டர் இருக்கின்றன. எல்லோரும் ஆம்மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் போடச் சொல்கிறார்கள். பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, வருகிறது என்று ஆம்மீட்டர்தானே நேராகக் காட்டும்?

பதில்: காட்டும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் காரில் அதைக் காட்ட வேண்டுமானால் சார்ஜ் கரன்ட் முழுவதும் கேபினுக்குள் வந்து திரும்ப வேண்டும். பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயர், ஆல்டர்னேட்டரிலிருந்து கருப்பு ஒயர், இரண்டும் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சுவர்) உள்ள பல்க்ஹெட் கனெக்டரின் சின்னத் தகடுகள் வழியாக உள்ளே வருகின்றன. தகட்டில் களிம்பு ஏறினால் அந்த இடம் சூடாகும். நான் கழற்றிய ஒரு கனெக்டரில் சிவப்பு ஒயரைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பாகி, மெழுகு மாதிரி உருகி வழிந்து, தகட்டோடு ஒட்டியிருந்தது. பக்கத்து ஓட்டைகள் புதிது போலவே இருந்தன. அந்தக் காரில் அதுவரை ஆம்மீட்டர் முள் சரியாகவே ஆடிக்கொண்டிருந்தது.

மறுபடியும் சார்ஜர்காரர்: ஐம்பது வருடமாக அப்படியே ஓடும் கார்கள் இல்லையா?

பதில்: இருக்கின்றன, பெரும்பாலும் அன்றைய சின்ன ஆல்டர்னேட்டரோடு. நீங்கள் எலக்ட்ரிக் ஃபேன், பெரிய ஸ்டீரியோ, 100 ஆம்ப் ஆல்டர்னேட்டர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாரத்துக்கு அந்தத் தகடுகளைச் செய்யவில்லை. ஆல்டர்னேட்டரிலிருந்து தடித்த கேபிளை, அதற்கேற்ற ஃபியூசிபிள் லிங்க் (கரன்ட் மிஞ்சினால் உருகி அறுந்துவிடும் ஒயர்) வைத்து, நேராகப் பேட்டரிக்கு விடுங்கள். டேஷ்போர்டில் சிவப்பையும் கருப்பையும் ஆம்மீட்டரிலிருந்து கழற்றி ஒன்றாக இணைத்து, நன்றாக இன்சுலேட் செய்யுங்கள். வோல்ட் மீட்டரில் இன்ஜின் நிற்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.5. இது போதும்.

கேள்வி (செவெல்): அப்படியானால் என் காரின் பேட்டரி மீட்டரும் ஆபத்தா?

பதில்: இல்லை. ஜிஎம் வகையில் சார்ஜ் ஒயரின் இரு முனைக்கும் உள்ள வோல்ட் வித்தியாசத்தைத்தான் அளக்கிறார்கள். ஃபியூஸ் போட்ட மெல்லிய ஒயர்கள் மட்டும் உள்ளே வரும்.

கேள்வி: பெட்ரோல் பிரஷருக்கு மெக்கானிக்கல் மீட்டரை டேஷ்போர்டில் வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். ஒரு ஃபிட்டிங் கசிந்தாலும் பெட்ரோல் உங்கள் மடியில் கொட்டும். கேபினுக்குள் எலக்ட்ரிக் மட்டும்.

கேள்வி: இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறது. ஏன்?

பதில்: எர்த். கமாரோவுக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மீட்டர் லைட் மங்கலாக எரிகிறது, முள்ளும் நிலையாக இல்லை.

பதில்: எர்த். மல்டிமீட்டரை வைத்துப் பார்க்காமல் புது மீட்டர் வாங்காதீர்கள்.

கேள்வி: எந்த டயல் என் காருக்கு அழகாக இருக்கும்?

பதில்: அது உங்கள் விருப்பம். ஓம் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சார்ஜர்காரர்: சரி அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே மாற்றிவிட்டேன். இப்போது வோல்ட் மீட்டர் 15.4 காட்டுகிறது.

பதில்: மாற்றியதற்கு மகிழ்ச்சி. 15.4 அதிகம், பேட்டரி கொதித்துவிடும், இப்படியே ஓட்டாதீர்கள். ஃபயர்வாலில் இருக்கும், சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜ் ரெகுலேட்டர் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. எர்த் கெட்டால் வோல்ட் குறைவு என்று நினைத்து அதிகமாகச் சார்ஜ் செய்யச் சொல்லும். அதைக் கழற்றி, பின்பக்கத்தையும் அது உட்காரும் தகட்டையும் பெயின்ட் போகும்வரை தேய்த்து மாட்டுங்கள். அதற்குப் பிறகும் 15 காட்டினால் ரெகுலேட்டரையே மாற்ற வேண்டும். முதலில் தேய்த்துப் பார்த்து, முள் எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள்.